கையால் செய்தாலே பசுமையா? ஓலைப்பெட்டியும் வயர்கூடையும் காட்டும் கணக்கு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் வந்தது. 2022 ஜூலை 1 முதல் இந்தியா முழுவதுமே இப்படி ஒரு தடைப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதற்கப்புறம் ஓலைப்பெட்டி, கோரைப்பாய், மண்பானை, கைத்தறித் துண்டு என எதை எடுத்தாலும் 'இயற்கைக்கு உகந்தது' என்று ஒரே சீட்டை ஒட்டி விற்கிறார்கள்.

இன்னொரு பக்கம் இதற்கு நேர்மாறான செய்தி ஒன்று அலைபேசியில் சுற்றுகிறது. ஒரு பருத்திப் பையை ஏழாயிரம் தடவை பயன்படுத்தினால்தான் அது ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாகுமாம். அப்படியானால் மஞ்சப்பை வெறும் ஏமாற்றா?

இரண்டுமே அரைகுறை. கைவினைப் பொருள் சூழலுக்கு நல்லதா என்ற கேள்விக்கு அந்தப் பொருளை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியாது. மூலப்பொருள் எந்த நிலத்திலிருந்து வந்தது, இடையில் அதில் என்ன சேர்ந்தது, வீட்டில் அது எதை வெளியேற்றியது என்று பார்க்க வேண்டும்.

கைவினை வேறு, இயற்கைப் பொருள் வேறு

வயர்கூடையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க முழுக்கக் கையால் பின்னுவது. முடிச்சு போடத் தெரியாதவர்களுக்கு அது வராது. ஆனால் வயர் பிளாஸ்டிக். கைவினை என்றால் இயற்கை என்ற சமன்பாடு இங்கேயே உடைந்துவிடுகிறது.

அதே கூடை பத்து வருடம் காய்கறி சுமக்கிறது. பிடி அறுந்தால் வேறு வயர் கோத்து மறுபடி கட்டிவிடலாம். பத்து வருடத்தில் அது எத்தனை பிளாஸ்டிக் பைகளை வீட்டுக்குள் வராமல் தடுத்திருக்கும்! இதற்கு எதிராக, ஓலையில் செய்த ஓர் அழகுப் பொம்மையை எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையில் சுற்றி வரும், ஷோகேஸில் ஒரு வருடம் நிற்கும், பூஞ்சணம் பிடித்ததும் குப்பைக்குப் போகும். அந்த வீட்டில் அது எந்தப் பொருளின் இடத்தையும் பிடிக்கவில்லை. கூடுதலாக ஒரு பொருள் வந்து போனது, அவ்வளவுதான்.

இதைப் பதிலீடு என்று சொல்லலாம். ஒரு பொருள் வேறொன்றை வெளியேற்றினால்தான் சூழலுக்கு மிச்சம். யாழ்ப்பாணத்து அடுக்களையில் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி நல்ல உதாரணம். பனை ஓலையில் கூம்பாக இழைத்தது, சாயம் கிடையாது, தினசரிப் புழக்கம், பழசானால் அடுப்பிலேயே எரிந்துபோகும். அதை யாரும் 'கைவினைப் பொருள்' என்று விற்றதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வாழ்நாள் கணக்கு என்றால் என்ன

ஒரு பொருள் பிறந்ததிலிருந்து மக்கும் வரை அது உண்டாக்கும் சுமையைக் கூட்டிப் பார்ப்பதுதான் வாழ்நாள் கணக்கு. பொதுவாக ஐந்து இடங்களில் சுமை விழும்.

1. மூலப்பொருள்: பயிரா, தானாக வளர்வதா, தோண்டி எடுப்பதா? தண்ணீர், உரம், பூச்சிமருந்து எவ்வளவு?
2. செய்முறை: மின்சாரம், விறகு, தண்ணீர்.
3. சேர்மானம்: சாயம், வார்னிஷ், பசை, தையல் நூல்.
4. போக்குவரத்து: பக்கத்துச் சந்தைக்கா, விமானத்தில் வெளிநாட்டுக்கா?
5. புழக்கமும் முடிவும்: எத்தனை வருடம் உழைக்கும், பிறகு எங்கே போகும்?

கையால் செய்வதன் நேரடி லாபம் இரண்டாவது இடத்தில் மட்டும்தான். மற்ற நான்கிலும் கை என்பதற்காகச் சலுகை எதுவும் கிடைக்காது.

இப்போது அந்த ஏழாயிரம் கணக்குக்கு வருவோம். அது புரளி அல்ல. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018ல் வெளியிட்ட ஆய்வில் வரும் எண் 7,100. ஆனால் அது எல்லாச் சூழல் அளவுகோல்களையும் சேர்த்துப் பார்த்து, அவற்றில் மிக மோசமானதை வைத்துச் சொன்ன எண். அந்த மோசமான அளவுகோல் ஓசோன் படலம் சார்ந்தது. புவி வெப்பமாதலை மட்டும் எடுத்தால் அதே ஆய்வில் அதே பருத்திப் பைக்கு 52 தடவை போதும். வாரம் ஒருமுறை சந்தைக்குக் கொண்டுபோனால் ஒரே வருடத்தில் கணக்கு நேராகிவிடும்.

தெருவில் எறியப்படும் குப்பையால் வரும் கேடும் அந்தக் கணக்கில் இல்லை. டென்மார்க்கில் பழைய பை எரியூட்டும் ஆலைக்குப் போகிறது. நம் ஊரில் அது கண்மாய் மடையில் அடைக்கிறது, மாட்டின் வயிற்றுக்குள் போகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதற்காகப் பத்துத் துணிப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்குவதும் சரியாகாது. விழாக்களில் இலவசமாகத் தரும் 'துணிப்பை'களில் பல, நெய்யாமல் ஒட்டிச் செய்த பாலிப்ரொப்பிலீன் பைகள். பார்க்கத் துணி போல இருக்கும், அவ்வளவே.

பனை: பெட்டியைவிட மரம் பெரியது

ஓலைப்பெட்டியின் வாழ்நாள் கணக்கு எளிது. பனைக்கு யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உரம் வைப்பதில்லை, மருந்தடிப்பதில்லை. தேரிச் செம்மணலிலும் கண்மாய்க் கரையிலும் தானாக நிற்கும் மரம். சாயம் ஏற்றாவிட்டால் முதல் மூன்று இடங்களிலும் சுமை மிகக் குறைவு. ஆனால் இதன் பெரிய லாபம் இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது.

இந்தியாவில் உள்ள பனை சுமார் 10 கோடி, அதில் ஏறக்குறைய பாதி தமிழ்நாட்டில் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மாநில மரமும் அதுதான். இருந்தும் பனை வெட்டப்பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. காரணம் எளிது: நிற்கும் மரத்துக்கு வருமானம் இல்லை, வெட்டிய மரத்துக்குச் செங்கல் சூளையில் விலை உண்டு. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. அதோடு பனையேறிகளின் முக்கிய வருமானங்களில் ஒன்று போனது. பதநீரும் கருப்பட்டியும் மட்டும் வைத்து வருடம் முழுக்கக் குடும்பம் நடத்த முடியாது, ஏனென்றால் பதநீர் சில மாதங்களுக்குத்தான். ஏற ஆள் இல்லாத மரம் நிலத்துக்காரருக்கு வெறும் இடைஞ்சல்.

ஓலைத்தொழில் இந்தக் கணக்கை மாற்றுகிறது. எப்படி என்பதைச் செய்முறையோடு பார்த்தால் புரியும்.

நுணுக்கமான பெட்டிக்கு முற்றிய பச்சோலை ஆகாது. மரத்தின் நடுவில் விரியாமல் ஈட்டி போல நிற்கும் குருத்தோலைதான் வேண்டும். வெயிலில் காயவைத்தால் பச்சை போய் வெளிர் மஞ்சளாக மாறும். ஓலையின் நடுவே ஓடும் ஈர்க்கை உரித்து எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரே அகலத்தில் வாராகக் கிழிக்க வேண்டும். கிழிக்கும் அகலம் ஒரு நூல் கூடினாலும் பெட்டி கோணும். காய்ந்த ஓலை ஒடியும் என்பதால் லேசாக ஈரம் காட்டித்தான் முடைவார்கள். பிரித்தெடுத்த ஈர்க்கும் வீணில்லை, விளக்குமாறாகிறது. மட்டையின் மேல்தோலை உரித்த நாரில் நார்ப்பெட்டியும் கட்டிலும் பின்னலாம். மிச்சம் அடுப்புக்கு.

குருத்து வெட்டியும் மரம் சாவதில்லை. கொண்டைக்குள் இருக்கும் வளர்முனை தப்பித்தால் அடுத்த குருத்து வரும். ஆக, ஓலைக்கு விலை கிடைக்கும் ஊரில் மரத்தை நிற்கவைப்பதே லாபம். சூளைக்கு ஒரே ஒருமுறை விற்கலாம், ஓலையை வருடாவருடம் விற்கலாம். மரம் நின்றால் கரை நிற்கும், தூக்கணாங்குருவிக்கும் பனை உழவாரன் என்ற பறவைக்கும் இடம் இருக்கும். ஓலைப்பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இப்படி மரத்தின் உயிருக்குப் போகிறது. சீட்டில் எழுத வேண்டிய செய்தி இதுதான், ஆனால் யாரும் எழுதுவதில்லை.

சரி, இதிலும் சிக்கல்கள் உண்டு.

1. ஏற ஆள் குறைந்ததால் எட்டும் உயரத்தில் இருக்கும் வடலிகளில், அதாவது இளம் பனைகளில், குருத்து வெட்டுவது எளிது. அளவோடு வெட்டினால் தொல்லை இல்லை. ஒரே வடலியில் திரும்பத் திரும்பக் கை வைத்தால் அது வளராமல் குன்றிப்போகும். தேவை கூடினால் இந்த அழுத்தமும் கூடும்.
2. ஓலைப்பெட்டிக்கு அண்ணன் முறையான கருப்பட்டி விறகைத் தின்னும் தொழில். பதநீரை மணிக்கணக்கில் காய்ச்ச வேண்டும். மட்டையும் பாளையும் சருகும் எரிகிற வரை தொல்லையில்லை, வெளியிலிருந்து மரம் வெட்டிக் கொண்டுவந்தால் கணக்கு மாறும்.
3. மழைக்காலத்தில் ஓலை பூஞ்சணம் பிடிக்கும். அதற்குப் பயந்து வார்னிஷ் அடித்தால் நாள் உழைக்கும், ஆனால் மக்குவதில் சிக்கல்.

2021ல் தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை விதைகளும் கன்றுகளும் கொடுப்பதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயமாக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். வெட்டத் தடை போடுவது நல்லதுதான். ஆனால் வருமானம் தராத மரத்தைச் சட்டம் மட்டும் எத்தனை நாள் காப்பாற்றும் என்பது தனிக்கேள்வி.

கோரை: ஓடும் தண்ணீர் இல்லாமல் பாய் இல்லை

பனை தண்ணீர் கேட்காத மரம். கோரை அதற்கு நேர் எதிர், ஆற்றங்கரையிலும் ஈர நிலத்திலும் வளரும் புல். தாமிரபரணிக் கரையில் உள்ள பத்தமடையின் பாய் இதில் பேர் பெற்றது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது.

பச்சையாக அறுத்த கோரையை வகிர்ந்து காயவைத்து, பிறகு ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போடுகிறார்கள். ஊறிப் பருத்த கோரையை மறுபடி காயவைத்து, மெல்லிய இழைகளாகக் கிழிக்க வேண்டும். தரையோடு தரையாக இருக்கும் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு பருத்தி நூல், குறுக்கே ஓடும் ஊடை கோரை. ஒருவர் குச்சியால் இழையைக் கோத்துக் கொடுக்க, இன்னொருவர் அச்சை அடித்து நெருக்குவார். பாவு நூலின் எண்ணிக்கை கூடக் கூடப் பாய் பட்டு போல மடங்கும், வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

இந்தச் செய்முறைக்கு மின்சாரம் வேண்டாம், ஆறு வேண்டும். தேங்கிய தண்ணீரிலும் சாக்கடை கலந்த தண்ணீரிலும் போட்டால் கோரை கறுத்து அழுகும். அதாவது ஆறு கெட்டால் அதை முதலில் சொல்லும் ஆட்களில் பாய்க்காரரும் ஒருவர். மணல் அள்ளிக் கரை இறங்கினால், கரைநிலம் வீட்டுமனையானால், முதலில் காணாமல் போவது கோரைதான். பாய் விற்கிற வரை கோரை விளையும் ஈரநிலத்தை விட்டுவைக்க ஒரு காரணம் இருக்கும்.

ஆனால் சந்தையில் 'கோரைப்பாய்' என்று மலிவாகக் கிடைப்பதில் பெரும்பாலானது விசைத்தறியில் ஓடுவது. அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை, கரூர், நாமக்கல் பக்கத்துக் காவிரிக்கரைக் கோரைக்கும் அதுதான் சந்தை. கவனிக்க வேண்டியது பாவு. பல பாய்களில் அது நைலான் நூல். கோரை மக்கிப் போகும், நூல் மண்ணில் கிடக்கும். பாயின் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், நைலான் உருகி முத்தாகத் திரளும்.

சாயம்: கைவினையின் பெரிய ஓட்டை

கைத்தறிக்கு மின்சாரம் தேவையில்லை, உண்மை. 2019–20ல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இந்தத் தொழிலில் இருப்போர் 35 லட்சத்துக்கும் மேல், நெசவாளர்களில் பெண்களே அதிகம். இவ்வளவு பேருக்கு வேலை தரும் தொழில் மின்சாரம் இல்லாமல் நடப்பது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் ஒரு பருத்திச் சேலையின் சுமையில் நெசவு சிறு பங்கு. மீதி, பருத்தி வயலின் தண்ணீரிலும் பூச்சிமருந்திலும், நூற்பாலையின் மின்சாரத்திலும், சாயத்தொட்டியிலும் இருக்கிறது. கைத்தறிக்குப் போகும் சிட்ட நூலும் (கற்றையாகச் சுற்றிய நூல்) ஆலையில் நூற்றதே. ஆக, விசைத்தறிச் சேலையும் கைத்தறிச் சேலையும் தறிக்கு வரும் வரை ஒரே வழியில்தான் பயணம் செய்கின்றன.

சாயத்தில் கைத்தொழிலுக்குக் கூடுதலாக ஒரு பலவீனம் உண்டு. திருப்பூர்ப் பின்னலாடைச் சாய ஆலைகளை 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. நொய்யல் ஆறு அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத அமைப்பு இருந்தால்தான் ஆலை ஓடலாம் என்று ஆனது. பெரிய ஆலைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியும். கொல்லைப்புறத்தில் இரண்டு அண்டா வைத்து நூல் தோய்க்கும் குடும்பம் என்ன செய்யும்? சாயத்தண்ணீர் நேரே சாக்கடைக்குத்தான். அளவு சிறியது என்பதால் கண்ணில் படுவதில்லை. ஒரே தெருவில் ஐம்பது வீடு தோய்த்தால் கிணற்றில் தெரியும். பத்தமடைப் பாய்க்கும் தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டு ஓலைப்பெட்டிக்கும் ஏறும் சிவப்பும் பச்சையும்கூட இன்று பெரும்பாலும் கடைச்சாயம்தான்.

புற்றுநோய் அபாயம் காரணமாக இந்தியா 1990களில் 112 சாயங்களுக்குத் தடை போட்டது. 'ஏசோ (ஒரு வகைச் செயற்கைச் சாயம்) இல்லாத சாயம்' என்று துணிக்கடையில் சொல்வது இதைத்தான். அது உடுத்துபவரின் தோலுக்கான உத்தரவாதம், கழிவுநீருக்கான உத்தரவாதம் அல்ல.

அப்படியானால் இயற்கைச் சாயம்? அவுரி, மஞ்சிட்டி, கடுக்காய் எல்லாம் நல்லவைதான். ஆனால் பல இயற்கைச் சாயங்கள் நூலில் ஒட்ட ஒரு பிடிமானப் பொருள் வேண்டும். படிகாரம் என்றால் பெரிய கேடில்லை. செம்பு, குரோமியம் உப்புகள் சேர்த்தால் 'இயற்கை' என்ற பேர் மட்டும்தான் மிஞ்சும். சாயமே போடாத வெளிர் ஓலைப்பெட்டியும் வெளுக்காத கோராத் துணியும்தான் இந்த ஓட்டையைத் தாண்டியவை.

மண்பாண்டத்தை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். களிமண் எடுப்பது கண்மாயைத் தூர்வாருவது போலத்தான், அளவோடு எடுத்தால். தமிழ்நாட்டில் மண்பாண்டத் தொழிலாளர்கள் நீர்நிலைகளில் கட்டணமின்றி மண் எடுக்க 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி வாங்க முடிகிறது. சுமை சூளையில் இருக்கிறது: விறகு, வைக்கோல், புகை. சுட்ட மண் திரும்பக் களிமண்ணாகாது, ஆனால் மண்ணுக்குள் கிடந்தாலும் நஞ்சாகாது. குளிர்சாதனப் பெட்டியில் பிளாஸ்டிக் பாட்டில் அடுக்குவதற்குப் பதிலாக ஒரு பானை இருந்தால் லாபம் வெளிப்படை.

கடையில் கேட்க வேண்டியவை

1. இது வீட்டில் எதற்குப் பதில்? பதில் வரவில்லை என்றால் அதை அழகுக்காக வாங்குகிறோம். வாங்கலாம், பசுமைக் கணக்கில் எழுத வேண்டாம்.
2. பாவு நூல், ஓரத்தையல், கைப்பிடி எதில்? இவைதான் பெரும்பாலும் நைலான்.
3. சாயம் இல்லாத வகை இருக்கிறதா?
4. பிய்ந்தால் சரிசெய்து தருவார்களா? பழுது பார்க்கக்கூடிய பொருளின் ஆயுள் கூடும்.

கூலி ஏன் சூழல் கணக்கில் வருகிறது

முதலில் சொன்ன வாதத்தைக் கொஞ்சம் நீட்டினால் ஒரு சங்கடமான இடத்துக்கு வருவோம். ஓலைக்கு விலை இருந்தால் மரம் நிற்கும் என்றோம். ஓலைக்கு விலை வர, முடைபவருக்குக் கூலி கட்டுப்படியாக வேண்டும்.

ஒரு சாதாரணக் கணக்கு. நூறு நாள் வேலையில் 2025–26க்குத் தமிழ்நாட்டின் ஒரு நாள் கூலி 336 ரூபாயாக இருந்தது. ஒரு பெட்டியை முடைய அரை நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்குச் சம்பாதிக்கவே முடைபவர் கையில் 168 ரூபாய் நிற்க வேண்டும். ஓலை விலை, சாயம், வியாபாரியின் பங்கு, கடை வாடகை, வண்டிக்கூலி எல்லாம் அதற்கு மேல். இதையெல்லாம் கூட்டினால் வரும் விலைக்குக் கீழே அந்தப் பெட்டி கடையில் இருந்தால் யாரோ ஒருவரின் கூலியில் கை வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ, பெரும்பாலும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடைந்த பெண். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவோ ஐம்பது ரூபாய், ஏனென்றால் அது குப்பையாகும்போது வரும் செலவை வாங்குபவரும் கொடுப்பதில்லை, விற்பவரும் கொடுப்பதில்லை, ஊராட்சி கொடுக்கிறது. 'ஓலைப்பெட்டிக்கு இவ்வளவு விலையா' என்று பேரம் பேசும்போது நாம் ஒப்பிடுவது முழு விலையையும் பாதி விலையையும்.

கூலி கட்டாவிட்டால் முடைபவர் வேறு வேலைக்குப் போவார். அடுத்து ஓலை வெட்ட ஆள் தேவைப்படாது. மரத்தைச் சூளைக்காரர் வந்து பார்ப்பார்.

ஏறுபவரின் நிலையும் இதேதான். பதநீர் காலத்தில் ஒரு பனையில் காலையும் மாலையும் ஏற வேண்டும். தவறி விழுந்தால் முதுகெலும்பு. அந்த வேலையைத் தன் பிள்ளை செய்ய வேண்டாம் என்று ஒரு பனையேறி நினைப்பதில் தப்பே இல்லை. 'வடலி வளர்த்துக் கள் குடிக்கிறதா' என்று காத்திருப்பின் நீளத்துக்கு ஒரு பழமொழியே உண்டு. 2021ன் அறிவிப்பை நம்பி ஊன்றிய விதைகள் பாளை விட 2030களின் நடுப்பகுதியாவது ஆகும். விதை ஊன்றியவர்களின் படங்கள் எல்லா மாவட்டத்திலும் கிடைக்கும். அந்த மரங்களில் ஏறப்போகிறவர்களுக்கு இன்று பத்து வயதுகூட ஆகியிருக்காது.